பொதுக் காது

ஊபி தொழிற்பேட்டை, ஆறாவது மாடி.
கீழே டயர் கடை, மேலே கேக் சுடுபவர்கள்,
நடுவில் சாம்பல் நுரை ஒட்டிய
என் பத்துக்கு எட்டு அறை.
ஆறு மணிக்கு மேல் கட்டடத்தின் குளிர்சாதனம் நிற்கும்.
வியர்த்தபடி அப்போதுதான்
காது திறக்கும்.

திரையில் ஒரு கோளம்.
கோளத்தின் நடுவே மூக்கு மட்டும் வரைந்த ஒரு தலை.
ஒலிகள் எல்லாம் புள்ளிகள்.
இழுத்து எங்கு வேண்டுமானாலும் வைக்கலாம்.
கொசுவை இடது மடலுக்கு மேல்,
மின்தூக்கியின் மணியைத் தாழ்வாரக் கோடியில்,
ஒருத்தி பைக்குள் சாவி தேடுவதைக்
கேட்பவரின் மடியிலேயே.

இந்த வாரம் மழை.
மாதங்கியின் ஒலிநாடகத்தில் பதினோராம் காட்சி.
விடியுமுன் மேற்கிலிருந்து கிளம்பும் சுமத்ராக் காற்று
ஜூரோங்கைக் கடந்து
உள்ளே இழுக்க மறந்த துணிக்கழிகளைத் தட்டிக்கொண்டு
நேர் எதிரே வரவேண்டும்.

முன்னால் வைத்தேன்.
பின்னால் கேட்டது.

ஐந்து பாகை நகர்த்தினேன். மேலே ஏற்றினேன்.
பிடரியிலேயே பெய்தது.

கையேட்டின் கடைசிப் பக்கங்களில் காரணம் இருந்தது.
மென்பொருளுக்குள் இருப்பது ஒரு பொதுக் காது.
எங்கோ ஓர் ஆய்வுக்கூடத்தில்
யார் யாருடைய மடல்களையோ குழிவுகளையோ அளந்து
சராசரி கண்டு
எல்லாருக்கும் இது போதும் என்று வைத்துவிட்டார்கள்.
போதாதவர்களுக்கு
முன்னும் பின்னும் குழம்பும்.

தனியாகச் சிரித்தேன்.
ஒன்பது வருடம் சாங்கி வணிகப் பூங்காவில்
பணப்பரிமாற்ற சர்வர்களுக்குக் காவல் இருந்தவள் நான்.
இரவு மூன்று பத்துக்குக் கைப்பேசி அலறும்.
எவனோ அவசரத்தில் எழுதிய வரியை
அரைத்தூக்கத்தில் திருத்திவிட்டுப் படுப்பேன்.
நல்ல வேலை. பொய் சொல்லமாட்டேன்.
இந்த ஹெட்ஃபோன் அந்தச் சம்பளம்தான்.

விலகிய அன்று சியூ லான் கேட்டாள்,
களைத்துவிட்டாயா என்று.
இல்லை, அந்த அலறல் நின்றதும்
அறை ஒரு கணம் பெரிதாகுமே,
அது மட்டும்தான் இத்தனை வருடத்தில்
எனக்குப் பிடித்திருந்தது என்றேன்.
படிவத்தில் அதற்குக் கட்டம் தேடினாள்.
‘மற்றவை’யில் குறியிட்டாள்.

வீட்டில், சமையலறை விளக்கடியில்
என் காதுகளைத் திலீபன் படமெடுத்தான்.
கம்மலைக் கழற்று, அசையாதே,
அட, உனக்கு ஒரு காது கொஞ்சம் இறங்கியிருக்கே,
பதினோரு வருஷமா நான் பார்க்கவே இல்லையே!
படங்களை ஏற்றி, அளவு வந்து, கண்ணை மூடினேன்.
மழை எதிரே நின்றது.
இறங்கிய காதுக்கு ஏற்ற சரியான மழை.

பத்து நிமிடம் அந்த மகிழ்ச்சி.
அரங்கில் நாற்பது பேர்.
நாற்பது பேரையும் சமையலறைக்கு அழைக்க முடியாது.

பொதுக் காதுக்கே திரும்பினேன்.
மாதங்கிக்குத் தொலைபேசினேன்: ஒரு சொல் வேண்டும்.
எந்தச் சொல்?
மழைக்கு அரை வினாடி முன்னால்
அந்தப் பெண் ‘அதோ’ என்று சொல்லட்டும்.
அவ்வளவுதானா?
அவ்வளவுதான்.
காதுக்குத் தெரியாத திசை
சொல்லுக்குத் தெரிந்திருந்தது.
பழைய அலுவலகத்தில் இதன் பெயர் ஒட்டுவேலை.
காலாண்டுக்கு நாலு செய்வேன்,
ஒன்றுக்கும் கை நடுங்கியதில்லை.

உட்லண்ட்ஸ் சமூக மன்றம், சனிக்கிழமை.
நிகழ்ச்சித் தாளில் என் பெயருக்குக் கீழே
‘முன்னால் மென்பொருள் பொறியாளர்’ என்று அச்சாகியிருந்தது.
பேனா கையில்தான் இருந்தது.
நாற்பது தாளிலும் ஒரு எழுத்து.
விட்டுவிட்டேன்.

விளக்கு அணைந்தது.
அதோ, என்றாள் அவள்.
இருட்டில் தலைகள் லேசாக நிமிர்ந்தன,
வெற்றுச் சுவரை நோக்கி, மழை பார்க்க.

மூன்றாம் வரிசையில் ஒரு பையன் மட்டும்
சடக்கென்று பின்னால் திரும்பினான்.

அங்கே நான் இருந்தேன்,
இரண்டு சிறு பச்சை விளக்குகளோடு.